பின்வாங்கிய ஈறு: இழுத்து மூடினா எத்தனை வருஷம் நிக்கும்?

முதல்ல ஒரு சின்ன செக். கையைக் கழுவிட்டு வாஷ்பேசின் கண்ணாடி முன்னாடி நில்லுங்க. மேல் உதட்டைக் கொஞ்சம் தூக்குங்க. நடுவில் இருந்து இடது பக்கமா எண்ணினா மூணாவதா ஒரு கூரான பல் வரும், அதுதான் கோரைப்பல். அது ஈறுக்குள்ள நுழையிற இடத்துல நகத்தை மெதுவா மேலயும் கீழயும் ஓட்டிப் பாருங்க. வழவழன்னு போச்சுன்னா நல்லது. நகம் ஒரு படியில தட்டி நின்னாலோ, அந்த இடம் லேசா மஞ்சளாத் தெரிஞ்சாலோ, பக்கத்துப் பல்லை விட அது நீளமாத் தெரிஞ்சாலோ, மேற்கொண்டு படிங்க.

எனக்கு நகம் தட்டிச்சு. கோரைப்பல்லில் 3 மில்லிமீட்டர், அதுக்கு அடுத்த பல்லில் 2 மில்லிமீட்டர் ஈறு பின்வாங்கியிருக்கு. ஆறாவது செமஸ்டர்ல ஒரு நாள் கேன்டீன்ல ஐஸ் போட்ட ரோஸ்மில்க் குடிச்சப்ப கரண்ட் அடிச்ச மாதிரி ஒரு கூச்சம். அப்படித்தான் இது தெரிய வந்தது. லீவுக்கு ஊருக்குப் போனப்ப வீட்டுப் பக்கத்துல ஒரு தனியார் கிளினிக்ல காட்டினேன். கையில ஒரு நோட்டீஸ் கொடுத்தாங்க: கத்தி இல்லை, தையல் இல்லை, ஒரே நாள், 94% வெற்றி. அவங்க சொன்ன தொகை அப்பாவோட மாசச் சம்பளத்துல பாதிக்கு மேல. அப்பா யோசிக்கவே இல்ல, "பண்ணிடலாம்மா"ன்னுட்டார். எனக்குத்தான் அந்த 94 உறுத்திக்கிட்டே இருந்தது. எதுல 94? எப்ப அளந்தது? ப்ராஜெக்ட் ரிவ்யூல நாம ஒரு எஃபிஷியன்சி நம்பரைப் போட்டா கைடு கேக்கிற முதல் ரெண்டு கேள்வியும் இதுதானே.

அப்புறம் ரெண்டு மாசம், ப்ராஜெக்ட்டைக் கொஞ்சம் ஓரம் கட்டிட்டு, ஈறு பத்தின ஆய்வுக் கட்டுரைகளைத்தான் படிச்சேன். நான் மெக்கானிக்கல், டாக்டர் இல்ல. படிச்சது பூரா இங்கிலீஷ் மீடியம் வேற, அதனால தமிழ்ல சில இடத்துல தடுமாறுவேன், பொறுத்துக்கோங்க. உதாரணத்துக்கு, சிலர் இதை 'ஈறு இறக்கம்'னு சொல்றாங்க. ஆனா மேல் பல்லுல ஈறு மேல ஏறித்தான் வேர் வெளிய தெரியுது. அதைப் போய் இறக்கம்னு எழுத எனக்குக் கை வரல. 'பின்வாங்கல்'னே வச்சுக்கிறேன்.

வேர் வெளிய வந்தா

பல்லோட தெரியற பகுதிக்கு மேல எனாமல் இருக்கு. நம்ம உடம்புலயே கடினமான பொருள் அதுதான். வேருக்கு அந்தக் கவசம் கிடையாது. சிமென்டம்னு ஒரு மெல்லிய படலம் மட்டும்தான். ஈறு விலகினதும் பிரஷ் அந்தப் படலத்தைச் சீக்கிரமே தேய்ச்சு எடுத்துடும். அதுக்குக் கீழே டென்டின். மோஸ் அளவுகோல்ல எனாமல் சுமார் 5, டென்டின் சுமார் 3. அதனாலதான் ஈறு ஓரத்துல படி மாதிரி ஒரு பள்ளம் விழுது. உங்க நகம் தட்டினது அங்கதான்.

டென்டின் பூரா நுண்ணிய குழாய்கள். விட்டம் ஒண்ணு ரெண்டு மைக்ரான்தான், ஆனா ஒரு சதுர மில்லிமீட்டருக்குள்ள ஆயிரக்கணக்குல இருக்கும். உள்ளே திரவம். வாய் திறந்த குழாய் மேல ஐஸ் தண்ணி பட்டா அந்தத் திரவம் நகரும், நகர்ந்தா உள்ள இருக்கிற நரம்பு சுண்டும். 1960-களில் ஸ்வீடனைச் சேர்ந்த பிரென்ஸ்ட்ரோம் இதை விளக்கினார். நாம மூணாவது செமஸ்டர்ல படிச்ச ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வாய்க்குள்ளயே நடக்குது. கூச்சம் மட்டும்னா அதுக்கான பேஸ்ட் போட்டே ஓட்டிடலாம். ஆனா எனாமலை விட டென்டின் லேசான அமிலத்துக்கே கரைய ஆரம்பிச்சுடும். வேர்ல சொத்தை வர்றது அதனாலதான்.

ஈறு ஏன் ஓடுது

ஒரே காரணம்னு இல்ல. பல்லைச் சுத்தி அழுக்குக் காரை படிஞ்சு ஈறு நோய் வந்து எலும்பு கரையறது ஒரு வகை. அது வேற கதை, அதுக்கு முதல்ல நோயை நிறுத்தணும். நம்ம வயசுல அதிகம் பார்க்கிறது இன்னொரு வகை: ஈறு ஆரோக்கியமா, ரோஸ் கலர்ல இருக்கும், ஆனா ஒரு பல்லுல மட்டும் பின்வாங்கியிருக்கும். அங்க பெரும்பாலும் ஈறு பிறவியிலேயே மெலிசு, அதுக்குப் பின்னாடி இருக்கிற எலும்பும் மெலிசு. சில இடத்துல எலும்பே இருக்காது. அதோட முரட்டுப் பிரஷ் சேரும். ஸ்கூல்ல கிளிப் போட்டவங்களுக்கு, பல்லை எலும்போட எல்லைக்கு வெளிய தள்ளியிருந்தா அதுவும் சேரும். கீழ் உதட்டுல ஸ்டட் குத்தினவங்களுக்கு அது உள்பக்கமா ஈறை உரசும்.

என் கேஸ்ல குற்றவாளி நானேதான். எனக்கு வலது கை. வலது கைக்காரங்க வாயோட இடது பக்கத்தைத்தான் நேரா, முழு வீச்சுல தேய்ப்பாங்க. சின்ன வயசுல இருந்து "நல்லா அழுத்தித் தேய், அப்பத்தான் வெள்ளையா இருக்கும்"னு கேட்டு வளர்ந்தவ நான். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். அந்தக் கோரைப்பல் மேல மட்டும் ஒரு தடவைக்கு 20 இழுப்பு. காலை, ராத்திரி சேர்த்து 40. வருஷத்துக்கு 14,600. இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வரும்.

கத்தியில இருந்து துளை வரைக்கும்

பின்வாங்கின ஈறு தானா வளர்ந்து திரும்பாது. அதனால பக்கத்துல இருக்கிற ஈறை இழுத்து மூடணும். பழைய முறையில ஈறை ரெண்டு பக்கமும் கீறி, கதவு மாதிரி திறந்து, பல்லோட நுனியைப் பார்த்து நகர்த்தித் தைப்பாங்க. அண்ணத்துல இருந்து, அதாவது வாயோட மேல்கூரையில இருந்து, ஒரு துண்டுச் சதையை எடுத்து ஒட்டுற வழக்கம் 1960-கள்லயே வந்துடுச்சு. 1985-ல லாங்கர் தம்பதி, அண்ணத்தோட மேல்தோலை விட்டுட்டு உள்ளே இருக்கிற இணைப்புத் திசுவை மட்டும் எடுத்து, ஈறுக்கு அடியில சொருகற முறையை எழுதினாங்க. ரொம்ப நல்லா வேலை செய்யற முறை. கஷ்டம் என்னன்னா வாய்ல ரெண்டு இடத்துல புண். கொஞ்ச நாளைக்கு அண்ணத்துப் புண்ணுல சாம்பார் பட்டாக்கூட எரியும்.

அதுக்கப்புறம்தான் 'குறைந்த கீறல்' முறைகள் ஒவ்வொண்ணா வந்தது. சுரங்க முறையில பல்லுக்கு நடுவுல இருக்கிற முக்கோண ஈறை வெட்டாம, ஈறு ஓரத்து வழியா உள்ளே புகுந்து திசுவைப் பிரிச்சு, அந்தச் சுரங்கத்துக்குள்ள ஒட்டைச் சொருகுவாங்க. 2011-ல அமெரிக்காவுல ஸாதே எழுதின விஸ்டா முறையில, உதட்டை ஈறோட இணைக்கிற மடிப்புல ஒரே ஒரு செங்குத்துக் கீறல், அது வழியா சுரங்கம். 2012-ல கலிஃபோர்னியாவுல ஜான் சாவ் எழுதினது பின்ஹோல், ஊசித்துளை முறை. ஈறுக்கு மேல இருக்கிற மெல்லிய சவ்வுல 2, 3 மில்லிமீட்டர் துளை. அதுக்குள்ள வளைஞ்ச கருவியை விட்டு ஈறைத் தளர்த்தி, பல் மேல நழுவ விட்டு, அது நழுவின இடத்துல நிக்க கொலாஜன் துண்டுகளைத் திணிப்பாங்க. தையல் இல்ல, அண்ணத்துல இருந்து எதுவும் எடுக்கிறது இல்ல. அந்த நோட்டீஸ்ல இருந்தது இதுதான்.

கீறல் சின்னதா இருக்கிறது வெறும் விளம்பரம் இல்ல, அதுக்குப் பின்னாடி நல்ல காரணம் இருக்கு. வேர்ல ரத்தக் குழாய் கிடையாது. அது மேல படுக்க வைக்கிற ஈறு ஓரங்கள்ல இருந்து வர்ற ரத்தத்தை வச்சுத்தான் முதல் வாரத்தை ஓட்டணும். எத்தனை இடத்துல வெட்டுறோமோ அத்தனை சப்ளை லைன் போச்சு. 2005-ல சுவிட்சர்லாந்துல பர்க்ஹார்ட், லாங் ரெண்டு பேரும் இதை நேரடியாவே பார்த்தாங்க. ரெண்டு பக்கமும் ஈறு பின்வாங்கின 10 பேர். ஒரு பக்கம் மைக்ராஸ்கோப் வச்சு நுண் கருவியால, மறு பக்கம் வழக்கமான கருவியால ஆபரேஷன். ரத்தத்துல ஒளிரும் சாயம் ஏத்திப் படம் பிடிச்சா, ஏழாவது நாள் நுண் முறைப் பக்கத்துல 84.8% ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது, வழக்கமான பக்கத்துல 64%. ஒரு வருஷம் கழிச்சு வேர் மூடினது 98%, மறு பக்கம் சுமார் 90%.

நம்ம டிபார்ட்மென்ட் ஆளுங்களுக்குப் பிடிக்கிற இன்னொரு ஆய்வு, 2000-ல இத்தாலியில பினி பிராட்டோ குழு பண்ணது. தைக்கிறதுக்கு முன்னாடி, இழுத்த ஈறுல எவ்ளோ டென்ஷன் இருக்குன்னு டைனமோமீட்டர் வச்சு அளந்தாங்க! 0.4 கிராம் இழுவிசை இருந்த பக்கத்துல மூணு மாசத்துல 87% மூடினது, 6.5 கிராம் இருந்த பக்கத்துல 78%. ஒரு ஸ்பூன் சர்க்கரை எடைதான், அதுக்கே இவ்ளோ வித்தியாசம். ஈறை நல்லாத் தளர்த்தி, இழுக்காம நழுவ விடணும்னு பின்ஹோலும் சுரங்கமும் சொல்றதுல அர்த்தம் இருக்கு.

அந்த 94 எங்க இருந்து வந்தது

சாவோட 2012 கட்டுரையில 43 பேர், 121 பல். பக்கத்துப் பல்லுக்கு நடுவுல எலும்பு கரையாத சுலபமான கேஸ்களை மட்டும் தனியாப் பிரிச்சா, சராசரியா வேர் மூடினது 94%. எல்லாத்தையும் சேர்த்தா 88.4%. ஆனா இது சராசரி மூடல். முழுசா மூடினது எத்தனைன்னு கேட்டா, சுலபமான கேஸ்ல 81.2%, மொத்தத்துல 69.4%. அதாவது 121-ல 84 பல் முழுசா மூடிச்சு, 37 மூடல. ஒரே கட்டுரையில நாலு நம்பர். நோட்டீஸ் அடிச்சவங்க எதை எடுப்பாங்கன்னு நான் சொல்லணுமா?

சராசரியில இன்னொரு சிக்கல். என் 3 மில்லிமீட்டர்ல 94%னா 2.82. மிச்சம் 0.18. ஈறை அளக்கிற ப்ரோப்ல கோடு 1 மில்லிமீட்டருக்கு ஒண்ணு. லேப்ல 1 மில்லிமீட்டர் ஸ்கேலை வச்சுக்கிட்டு 0.18 எழுதினா நம்ம ரெக்கார்டு நோட்டைத் தூக்கிப் போட்டுடுவாங்க. அதனால தசமப் புள்ளியைப் பார்த்து மயங்காதீங்க. முழுசா மூடிச்சா இல்லையாங்கிறதுதான் நம்பகமான கேள்வி.

முக்கியமான விஷயம் காலம். அந்த 121 பல்லையும் பார்த்தது சராசரியா 18 மாசம். ஒப்பிட வேற குழு எதுவும் இல்ல. செஞ்சது முறையைக் கண்டுபிடிச்சவரே, அந்தப் பேருக்கு ட்ரேட்மார்க் வச்சு மத்த டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவரும் அவரே. நான் அவரைப் பொய்யர்னு சொல்லல. முதல் ப்ரோட்டோடைப்போட டெஸ்ட் ரிப்போர்ட் அது, அவ்ளோதான். ஊருக்கே விக்கிற பொருளுக்கு அது மட்டும் போதாது.

ஆறாவது மாசமும் அஞ்சாவது வருஷமும்

இங்கதான் என் மனசு மாறிச்சு. பினி பிராட்டோ குழுவோட 2010 கட்டுரை. 13 பேர், 93 பின்வாங்கல்கள். ஒவ்வொருத்தர் வாய்லயும் ஒரு பக்கம் ஈறை நகர்த்தி மட்டும் மூடினாங்க. மறு பக்கம் அதே மாதிரி நகர்த்தி, அடியில அண்ணத்துத் திசுவையும் சொருகினாங்க. ஒரே ஆள், ஒரே வாய், ஒரே பிரஷ், இதை விட நல்ல கன்ட்ரோல் கிடைக்காது. ஆறாவது மாசம் அளந்தா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அங்கேயே நிறுத்தியிருந்தா, 'அண்ணத்துல புண்ணு எதுக்கு, சும்மா நகர்த்தினாலே போதும்'னு எழுதி முடிச்சிருப்பாங்க.

அவங்க நிறுத்தல. அஞ்சாவது வருஷம் திரும்ப அளந்தாங்க. வெறுமனே நகர்த்தின பக்கத்துல முழுசா மூடியிருந்தது 35%. திசு சொருகின பக்கத்துல 52%. ஒரு பக்கம் ஈறு மெல்ல மெல்லத் திரும்பப் பின்வாங்க, மறு பக்கம் அது இன்னும் கொஞ்சம் முன்னாடி வளர்ந்திருந்தது. ஒட்டு வச்ச ஈறு தானா ஊர்ந்து முன்னேறும், அதுக்குத் தனியா ஒரு பேரே இருக்கு, க்ரீப்பிங் அட்டாச்மென்ட்னு.

நாம படிக்கிறதுல இதுக்குச் சரியான ஜோடி இருக்கு. டென்சைல் டெஸ்ட்ல ரெண்டு ராடும் ஒரே லோடைத் தாங்கும். ஃபேட்டிக் டெஸ்ட்ல போட்டா ஒண்ணு லட்சம் சைக்கிள்ல உடையும், இன்னொண்ணு ஓடிக்கிட்டே இருக்கும். ஆறு மாச ரிசல்ட் டென்சைல் டெஸ்ட். தினமும் பிரஷ் படற வாய்க்கு ஃபேட்டிக் டெஸ்ட்தான் வேணும். வருஷத்துக்கு 14,600 இழுப்புன்னா பத்து வருஷத்துல 1,46,000.

சரி, அது பழைய கதவு முறை, சுரங்கம் பண்ணா நீடிக்காதான்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்து டவெல்லி குழு 2019-ல எழுதினது அதுக்குப் பதில். கதவு முறை ஒரு குழுவுக்கு, சுரங்கம் இன்னொரு குழுவுக்கு. ரெண்டுலயும் அண்ணத்துச் சதைக்குப் பதிலா, செல்களை நீக்கிப் பதப்படுத்தின தானமாகக் கிடைச்ச தோல். 12 வருஷம் கழிச்சு 24 பேர்ல 19 பேர் திரும்ப வந்தாங்க. ரெண்டு குழுவிலும் ஈறு, ஆறாவது மாசம் இருந்த இடத்துல இருந்து கணிசமாப் பின்வாங்கியிருந்தது. சுரங்கமா கதவாங்கிறது பெரிய வித்தியாசம் பண்ணல. பண்ணது வேற ரெண்டு விஷயம். ஆறாவது மாசத்துல ஈறோட தடிமன் 1.2 மில்லிமீட்டராவது இருந்த இடமும், கெட்டியான ரோஸ் கலர் ஈறு 2 மில்லிமீட்டர் அகலமாவது இருந்த இடமும் தாக்குப் பிடிச்சது. மத்த இடங்கள் சறுக்கிச்சு.

இதை மூணு தடவை படிச்சேன். எப்படி உள்ளே போனாங்கங்கிறது முதல் சில வாரத்துக்கு, வலிக்கு, வீக்கத்துக்கு, ரத்த ஓட்டத்துக்கு முக்கியம். பத்தாவது வருஷத்தை முடிவு பண்றது உள்ளே எதை வச்சுட்டு வந்தாங்கங்கிறது. 1.2 மில்லிமீட்டர்னா ஒரு ஏடிஎம் கார்டை விடத் தடிமன். அந்தத் தடிமனைப் பத்தி என் நோட்டீஸ்ல ஒரு வார்த்தை கிடையாது.

அப்ப பேசாம அப்படியே விட்டுடலாமேன்னும் ஒரு வாரம் யோசிச்சேன். செலவு மிச்சம். அதுக்கும் கணக்கு இருக்கு. சிகிச்சை பண்ணாம விட்ட பின்வாங்கல்களை நீண்ட காலம் கவனிச்ச ஆய்வுகளை 2016-ல சேம்ப்ரோன், டாடாகிஸ் ரெண்டு பேரும் ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. சுமார் 78% இடங்கள்ல அது இன்னும் ஆழமாச்சு. அதே வருஷம் இத்தாலியில அகூடியோ குழு ஒண்ணு எழுதினாங்க. 64 இடத்துல அண்ணத்துச் சதையை ஒட்டி, அதே ஆளோட மறு பக்கத்துப் பல்லை ஒண்ணும் பண்ணாம விட்டு, 18-ல இருந்து 35 வருஷம் வரைக்கும் கவனிச்சது. சராசரி 23.6 வருஷம், அதாவது என் வயசை விட அதிகம். ஒட்டின இடத்துல 83% முன்னை விட மேம்பட்டது, விட்ட இடத்துல 48% மோசமாச்சு. இது சின்னத் துளை முறை இல்ல, நல்லாக் கீறி ஒட்டின பழைய முறை. ஆனா 'தடிமனாக்கினா நிக்கும்'ங்கிறதுக்கு இதை விட நீளமான சாட்சியை நான் பார்க்கல.

என் வாய்க்கு வருவோம்

ஏழாவது செமஸ்டர் முடிஞ்சதும் ஒரு அரசு பல் மருத்துவக் கல்லூரியில ஈறுப் பிரிவுக்குப் போனேன். காலைல ஓபி சீட்டு போட்டு மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தேன். பாத்தவங்க பிஜி படிக்கிற டாக்டர், என்னை விட அஞ்சாறு வயசுதான் அதிகம் இருக்கும். ப்ரோப்பை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல மெதுவா விட்டுட்டு என் கையில கண்ணாடியைக் கொடுத்தாங்க. "பாரும்மா, கம்பி வெளிய தெரியுதா?" தெரிஞ்சது. ஈறு வழியா சாம்பல் நிறத்துல நிழல் மாதிரி. அப்படித் தெரிஞ்சா ஈறு மெலிசுன்னு அர்த்தமாம். கிளினிக்ல யாரும் இதைப் பண்ணல, எனக்கும் கேக்கத் தெரியல.

பல்லுக்கு நடுவுல எலும்பு நல்லா இருக்கு, அதனால முழுசா மூட வாய்ப்பு இருக்குன்னாங்க. பல்லுக்கு நடுவுல எலும்பே கரைஞ்சவங்களுக்கு எந்த முறையிலும் முழுசா மூடறது கஷ்டம், அதையும் சொன்னாங்க. அவங்க யோசனை: சுரங்க முறை, அடியில அண்ணத்துத் திசு. "பின்ஹோல் பண்ணக் கூடாதா டாக்டர்?"னு கேட்டேன். "தடிமனான ஈறு இருக்கிறவங்களுக்கு யோசிக்கலாம். உனக்கு இருக்கிறதே காகிதம். காகிதத்தை எவ்ளோ நைசா நகர்த்தினாலும் காகிதம்தானே?" அண்ணத்துப் புண்ணு பயமா இருந்தா கொலாஜன் பட்டை வாங்கி வைக்கலாம், ஆனா விலை அதிகம், அது பெரும்பாலும் பன்றியில இருந்து எடுக்கிறது, சிலருக்கு அது ஒத்துக்காதுன்னு முன்கூட்டியே சொல்லிட்டாங்க. உங்களுக்கோ வீட்டுல யாருக்கோ அப்படி ஒரு தயக்கம் இருந்தா, இதை வாய் திறந்து கேளுங்க. கேட்டா சொல்லுவாங்க. பின்ஹோலுக்குத் திணிக்கிற கொலாஜனுக்கும் இதே கேள்விதான்.

ஆனா உடனே தேதி கொடுக்கல. பிரஷ்ஷை எடுத்து, தினமும் பண்ற மாதிரியே தேய்ச்சுக் காட்டச் சொன்னாங்க. மூணே இழுப்புல, "போதும்மா, நிறுத்து"ன்னாங்க. தெஹ்ரான்ல அஞ்சு வருஷம் கவனிச்ச ஒரு ஆய்வுலயும், இடமும் வலமுமா குறுக்கே தேய்க்கிறவங்களுக்குத்தான் ஈறு திரும்ப அதிகமாப் பின்வாங்கிச்சு, எந்த ஒட்டை வச்சாலும். அதனால முதல்ல ரெண்டு மாசம் கை பழகணும். சாஃப்ட் பிரஷ், பேனா பிடிக்கிற மாதிரி மூணு விரல் பிடி, நார் ஈறைப் பார்த்து 45 டிகிரி, சின்னச் சின்ன அசைவு, அப்புறம் ஈறுல இருந்து பல் நுனிக்கு உருட்டி விடணும். பல்பொடி வச்சு விரலால அரக்கித் தேய்க்கிற பழக்கம் இருக்கிறவங்களும் அதைக் குறைச்சுக்கோங்க. சிகரெட், பான் பழக்கம் இருந்தா ஆபரேஷனைப் பத்தியே அப்புறம்தான் பேசுவாங்க. நிக்கோட்டின் ஈறுக்குப் போற ரத்தத்தைக் குறைக்கும். முதல் வாரம் ஒட்டு பிழைக்கிறதே அந்த ரத்தத்துலதான்னு மேல பார்த்தோமே.

மூணு விரல் பிடி சொல்றதுக்கு ஈஸி. முதல் பத்து நாள் பிரஷ் கையை விட்டு நழுவிக்கிட்டே இருந்தது. பல் சுத்தமே ஆகலையோன்னு ஒரு சந்தேகம். ரூம்மேட் பார்த்துட்டு "என்னடி, பல்லுக்குப் பெயின்ட் அடிக்கிறியா?"ன்னா. இப்பப் பழகிடுச்சு. வாரம் ஒரு தடவை அதே ஜன்னல் வெளிச்சத்துல, பல்லுக்குப் பக்கத்துல ஸ்டீல் ஸ்கேல் வச்சு ஒரு போட்டோ எடுக்கிறேன். ஒன்பது வாரம் ஆச்சு. 3 மில்லிமீட்டர் அதே 3-தான். கூடல, எனக்கு அதுவே சந்தோஷம். கூச்சம் மட்டும் பாதியாக் குறைஞ்சிருக்கு.

கடைசிப் பரீட்சை முடிஞ்ச மறுவாரத்துக்குத் தேதி குறிச்சாச்சு. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மூணு வாரம் அந்தப் பக்கம் பிரஷ்ஷே படக் கூடாதாம், மவுத்வாஷ் மட்டும்தான். அண்ணத்துப் புண்ணு ஆறுற வரைக்கும் தயிர்சாதம், ஆறின இட்லி. வேலையில சேர்றதுக்கு முன்னாடி முடிச்சுடணும்னுதான் இந்த அவசரம். ஏன்னா போஸ்டிங் புனேவா நொய்டாவான்னு இன்னும் சொல்லல.

அதைச் சொன்னதும் டாக்டர் ஃபைலை மூடாம வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் பார்த்தாங்க. "எல்லாரும் ஆறு மாசம் வருவாங்க. நல்லா இருக்குன்னதும் அப்படியே காணாமப் போயிடுவாங்க. நீ எந்த ஊர்ல இருந்தாலும் அஞ்சாவது வருஷம் ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போ. மோசமாப் போயிருந்தாலும் வா." வர்றேன்னு சொல்லி, ஃபைல் மேல அம்மாவோட நம்பரையும் சேர்த்து எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கேன்.